எரிமலை: பிறப்பும் வெடிப்பும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுச் சொற்பொழிவுத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையில் வெவ்வேறு ஆண்டுகளில் புவியியல் படித்து வெளியேறிய சிலர் கூடி எழுதிய உரை இது. வாசிப்பது ஒரு குரல். எழுதியது பல கை. ஆகவேதான் இதில் "நான்" இல்லை, "நாம்" மட்டுமே உண்டு.

எரிமலை என்று தலைப்பை அறிவித்ததும் எமது சங்கத்து அக்கா ஒருவர் கேட்டார்: "இலங்கையில் இல்லாத ஒன்றைப் பற்றி ஏன் பிள்ளைகளை இருத்தி வைத்துப் பேசப் போகிறீர்கள்?" நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலிலிருந்தே தொடங்குவோம்.

1883 ஓகஸ்ட் 27. இடம் காலித் துறைமுகம். நேரம் பிற்பகல் ஒன்றரை மணியளவு. காற்றில்லை, மழையில்லை. திடீரெனக் கடல் பின்வாங்கியது. இறங்குதுறை வரை நீர் வற்றி, கட்டியிருந்த வள்ளங்களும் தோணிகளும் தரையில் கிடந்தன. ஏறக்குறைய மூன்று நிமிடம் அப்படியே இருந்தது. அங்கு நின்ற கூலியாட்களும் வேடிக்கை பார்த்தவர்களும் இறங்கி, துள்ளிக்கொண்டு கிடந்த இறாலையும் மீனையும் அள்ளினார்கள். பிறகு நீர் திரும்பி வந்தது. காலியில் அன்று பெரிய அழிவு எதுவும் நேரவில்லை. ஆனால் கிழக்கே அறுகம்பைப் பகுதியில் அதே கடலில் அகப்பட்டு ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவு உண்டு.

அந்தப் பெண்ணின் உயிரைப் பறித்தது ஓர் எரிமலை. அது நின்ற இடம் இங்கிருந்து மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தொலைவில், யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையே உள்ள சுந்தா நீரிணை. பெயர் கிரக்கத்தோவா. அன்று காலை, அவ்விடத்து நேரப்படி பத்து மணிக்கு அது வெடித்துச் சிதறிச் சுமார் ஐந்து மணித்தியாலத்தில் அதன் அலை எம் கரையைத் தொட்டது. எரிமலை எமக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஐந்து மணித்தியாலத் தூரம் என்று சொல்லலாம்.

இனி எரிமலை எப்படி உண்டாகிறது என்பதைப் பார்ப்போம்.

பலருடைய மனதில் ஒரு படம் இருக்கிறது: நாம் நிற்கும் தரை ஒரு மெல்லிய மூடி, அதன் கீழே நெருப்புக் கடல் கொதிக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அது பீறிடுகிறது. பாடப்புத்தகத்தில் பூமியை வெட்டி உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நிறந்தீட்டிக் காட்டுவதால் வந்த வினை இது. உண்மை வேறு. புவியோடு கடலின் கீழ் ஆறேழு கிலோமீற்றரும், கண்டங்களின் கீழ் சராசரியாக முப்பது நாற்பது கிலோமீற்றரும் தடிப்புடையது. அதன் கீழே 2,900 கிலோமீற்றர் ஆழம் வரை இருப்பது மென்மூடி. பெயரைக் கேட்டு மென்மையானது, திரவமானது என்று எண்ணிவிடக்கூடாது. மென்மூடி பாறை, திண்மப் பாறை. மிகுந்த வெப்பத்தில் இருப்பதால் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அது மெல்ல மெல்ல நகரும், அவ்வளவுதான்.

நூறு கிலோமீற்றர் ஆழத்தில் வெப்பநிலை 1,300 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தப் பாறையை அதே சூட்டோடு இந்த மேசையில் கொண்டுவந்து வைத்தால் அதில் ஒரு பங்கு உருகிவிடும். ஆழத்தில் ஏன் உருகவில்லை? மேலே உள்ள நூறு கிலோமீற்றர்ப் பாறை அதை அமுக்கிக்கொண்டிருக்கிறது. அமுக்கம் கூடினால் உருகுவதற்கு வேண்டிய வெப்பமும் கூடும்.

சமையலறையில் இதற்கு ஓர் இனம் உண்டு. நுவரெலியாவில் குடியிருக்கும் பழைய மாணவிகளுக்குத் தெரியும், அங்கே பருப்பு அவிய நேரம் எடுக்கும். மலையில் வளி அமுக்கம் குறைவு. நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பிரஷர் குக்கரில் அதற்கு நேர்மாறு: உள்ளே அமுக்கம் கூட, நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பாறை உருகுவதும் இந்த வகைக் கணக்குத்தான். ஆகவே பாறையை உருக்க அதைச் சூடாக்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அதன் மேலுள்ள அமுக்கத்தைக் குறைத்தாலும் போதும்.

அமுக்கம் எங்கே குறையும்? புவியோடும் மென்மூடியின் மேற்பகுதியும் சேர்ந்து பெருந்தகடுகளாகப் பிளவுண்டு கிடக்கின்றன. எங்கள் விரல் நகம் வளரும் வேகத்தில் அவை நகர்கின்றன. இரண்டு தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுமிடத்தில் அடியிலுள்ள சூடான பாறை இடைவெளியை நிரப்ப மேலெழுகிறது. எழ எழ அமுக்கம் குறைகிறது. குறையக் குறைய அதில் ஒரு பங்கு உருகுகிறது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே நீருக்கடியில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் இப்படி வந்தது. அத்தொடர் நீருக்கு மேலே தலைகாட்டுமிடம் ஐஸ்லாந்து. உலகில் வெளிவரும் பாறைக்குழம்பில் பெரும்பங்கு இப்படிக் கடலடியிலேயே, யாருக்கும் தெரியாமல் வெளிவந்து உறைந்துவிடுகிறது. பத்திரிகையில் வராத எரிமலைகள்.

தகட்டின் நடுவிலும் சில இடங்களில் ஆழத்திலிருந்து சூடான பாறை தூண்போல எழும். ஹவாய்த் தீவுகள் அதன் மேல் அமைந்தவை. ஆய்வுகூடத்தில் பன்சன் சுடரடுப்பின் மேலே ஒரு கடதாசியை மெல்ல இழுத்துப் பாருங்கள் (ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும்). கருகல் புள்ளி புள்ளியாக ஒரு வரிசையில் விழும். சுடர் நின்ற இடத்திலேயே நிற்கும், கடதாசிதான் நகரும். ஹவாயில் பசுபிக் தகடுதான் அந்தக் கடதாசி. அதனால்தான் அத்தீவுகள் ஒரு வரிசையில் கிடக்கின்றன. வடமேற்கே போகப் போக வயதும் கூடுகிறது.

மூன்றாவது வகைதான் எமக்கு அண்மையிலுள்ளது, ஆபத்தும் மிகுந்தது. ஒரு தகடு மற்றொன்றின் கீழே அமிழும். அமிழும் தகடு கடலடித் தகடு. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலின் கீழ்க் கிடந்து, அதன் கனியங்களில் நீரைச் சேர்த்து வைத்திருப்பது. நூறு கிலோமீற்றர் ஆழத்தை அண்மித்ததும் சூட்டிலும் அமுக்கத்திலும் அந்த நீர் வெளியேறி மேலுள்ள மென்மூடியில் ஊறுகிறது. ஐஸில் உப்பைப் போட்டால் ஐஸ் கூடிய குளிரிலும் உருகும் என்பது ஐஸ்கிறீம் செய்தவர்களுக்குத் தெரியும். அதுபோல நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டில் உருகத் தொடங்கும். பசுபிக் சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நெருப்பு வளையமும், அந்தமானில் தொடங்கிச் சுமாத்திரா, யாவா, பாலி என்று நீளும் எரிமலை வரிசையும் இப்படிப் பிறந்தவை. நெருப்பு மலை உண்டாவதற்கு நீர் காரணம் என்பதை முதன்முதல் வகுப்பில் கேட்டபோது எங்களில் யாரும் நம்பவில்லை. ஆசிரியை எங்களை விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தோம்.

இலங்கை இந்த எல்லைகள் எதன் மேலும் இல்லை. எமது தீவின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. ஒரு தகட்டின் நடுவே அமைதியாக இருப்பது. அப்படியானால் திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர் எப்படி வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியது என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததே. புவியியல் சொல்வது: மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான சூட்டைப் பெற்று, வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பநிலை இருபத்தைந்து பாகையளவு கூடும் என்பதால் அதற்கு எரிமலை தேவையில்லை. மகா ஓயாவிலும் மகாபெலெஸ்ஸவிலும் உள்ள வெந்நீரூற்றுகளுக்கும் இதே விளக்கந்தான். கன்னியாவில் நீராடப் போகிறவர்கள் அச்சமின்றிப் போகலாம்.

பாறைக்குழம்பு உண்டாகிவிட்டது. அது சுற்றியுள்ள பாறையைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே மேலே ஏறும். சில கிலோமீற்றர் ஆழத்தில் அறைகளாகத் தேங்கும். அங்கே நூற்றாண்டுக் கணக்கில், சிலவேளை ஆயிரமாண்டுக் கணக்கில், கிடக்கும். பிறகு ஏன் ஒருநாள் வெடிக்கிறது? ஏன் ஹவாயில் லாவா ஆறுபோல ஓட, மக்கள் தள்ளி நின்று படம் பிடிக்கிறார்கள்? ஏன் கிரக்கத்தோவாவில் தீவின் பெரும்பகுதி காணாமற் போனது?

இரண்டு காரியங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று வாயு, மற்றது குழம்பின் தடிப்பு.

பாறைக்குழம்பில் நீராவி, காபனீரொட்சைட்டு, கந்தகவீரொட்சைட்டு ஆகிய வாயுக்கள் கரைந்திருக்கின்றன. சோடாப் போத்தலில் வாயு கரைந்திருப்பது போல. மூடி இறுக்கமாக இருக்கும்வரை போத்தலில் ஒரு குமிழியும் தெரியாது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைந்து, கரைந்திருந்தது குமிழியாகி நுரைத்துப் பொங்கும். பாறைக்குழம்பு மேலே ஏறும்போது இதுவே நடக்கிறது. தடித்த குழம்பில் நிறையளவில் நூற்றுக்கு நாலைந்து பங்கு நீர் இருக்கலாம். சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் நீர் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிவடையும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தடிப்பு. வீட்டில் இரசம் கொதிப்பதையும் ஒடியற்கூழ் கொதிப்பதையும் பார்த்திருப்பீர்கள். இரசத்தில் குமிழி எழும், உடையும், போகும். கூழில் அப்படியில்லை. குமிழி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பருத்து, "பொளக்" என்று வெடித்துக் கையில் தெறிக்கும். கூழ் துழாவிய எவருக்கும் அந்தத் தழும்பு இருக்கும். பாறைக்குழம்பின் தடிப்பைத் தீர்மானிப்பது முக்கியமாக அதிலுள்ள சிலிக்காவின் அளவு. ஹவாயின் குழம்பில் சிலிக்கா ஏறக்குறைய நூற்றுக்கு ஐம்பது. சூடு 1,100 பாகைக்கு மேல். அது இரசம். வாயு எளிதாகப் பிரிந்துபோக, லாவா அமைதியாக வழியும். தகடு அமிழும் இடங்களில் குழம்பு மேலே ஏறும் வழியில் சிலிக்காவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும்; அறுபது, எழுபது வரை போகும்; சூடும் குறைவு. அதுதான் கூழ். வாயு சிக்கிக்கொள்ளும். மேலே உறைந்த பாறை அடைப்பாக நிற்கும். அந்த அடைப்பு ஒருநாள் பிளக்கும்போது குழம்பு முழுவதும் ஒரேயடியாக நுரைத்து, நுரை தூளாகச் சிதறி, சாம்பலாகப் பல கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்.

சாம்பல் என்கிறோம். எங்கள் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. எரிந்து மிஞ்சியதும் அல்ல. பாறையும் கண்ணாடியும் பொடியானது. நீரில் கரையாது, மழையில் நனைந்தால் சீமெந்துபோல் பாரமாகும்.

பெரிய எரிமலைகளில் மக்களைக் கொல்வது பெரும்பாலும் லாவா அல்ல. லாவாவைப் பார்த்து நடந்தே தப்பிவிடலாம். 1943 பெப்ரவரி 20 அன்று மெக்சிக்கோவில் டியோனிசியோ புலிடோ என்ற கமக்காரர் தன் சோளக் காணியில் நின்றபோது நிலம் வெடித்துப் புகை கிளம்பியது. மறுநாள் அங்கே ஐம்பது மீற்றர்க் குன்று நின்றது. ஓராண்டில் முந்நூறு மீற்றரைத் தாண்டியது. பரிக்குட்டின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒன்பது ஆண்டு கக்கியது. இரண்டு ஊர்களை மூடியது. இன்றும் ஒரு தேவாலயத்தின் கோபுரம் கருங்குழம்பிலிருந்து எழுந்து நிற்கிறது. ஆனால் லாவாவால் ஒருவரும் சாகவில்லை. இறந்த மூவரும் சாம்பல் முகிலில் உண்டான மின்னலால் இறந்தவர்கள்.

கொல்பவை வேறு. முதலாவது, சூடான சாம்பலும் வாயுவும் கல்லும் ஒன்றாகக் கலந்து மலைச்சரிவில் நிலத்தோடு ஒட்டிப் பாய்ந்து வரும் தீமுகில். நூற்றுக்கணக்கான பாகை சூடு. மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகம். 1902 மே 8 இல் கரிபியனிலுள்ள மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரில் ஏறக்குறைய 28,000 பேரைச் சில நிமிடங்களில் அழித்தது இதுவே. இரண்டாவது, சேற்று வெள்ளம். யாவா மக்கள் "லஹார்" என்பார்கள், இன்று உலகம் முழுவதும் அச்சொல்லே வழங்குகிறது. மூன்றாவது, கடலோர எரிமலைகள் எழுப்பும் அலை. கிரக்கத்தோவாவில் இறந்த 36,000 பேருக்கு மேற்பட்டோரில் மிகப் பெரும்பான்மையோர் அலையால் இறந்தவர்கள். வெடியொலி 4,800 கிலோமீற்றருக்கு அப்பால் றொட்றிகஸ் தீவில் பீரங்கிச் சத்தமென்று கேட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தெரிந்தது. அதைப் பார்த்த எமது பாட்டன் பாட்டிமாரின் பாட்டன் பாட்டிமார் என்ன நினைத்தார்களோ!

சேற்று வெள்ளத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும்.

கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் என்றொரு மலை. உயரம் 5,321 மீற்றர். உச்சியில் எப்போதும் பனிக்கட்டி. அதன் உச்சியிலிருந்து ஆற்றோடு எழுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி ஆர்மெரோ என்ற ஊர். நல்ல மண், செழித்த விளைச்சல். அந்த மண் 1845 இல் இதே மலையிலிருந்து வந்த சேறு. அன்று ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தார்கள். அதன் மேலேயே பிறகு ஊர் எழுந்தது. 1984 இன் கடைசியில் மலை மறுபடி அசையத் தொடங்கியது. ஆய்வாளர்கள் வந்தார்கள், ஆபத்துப் பகுதிகளைக் குறித்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். 1985 ஒக்டோபரில் அது வெளியாயிற்று. ஆர்மெரோ ஆபத்துப் பகுதிக்குள் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தது.

நவம்பர் 13 பிற்பகல் ஊரில் சாம்பல் விழுந்தது. மக்கள் கேட்டார்கள், அமைதியாக வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணியளவில் மலை வெடித்தது. எரிமலைக் கணக்கில் அது சிறிய வெடிப்பு. ஆனால் சூடான கல்லும் சாம்பலும் பனிக்கட்டியின் மேல் பரவி, அதில் பத்தில் ஒரு பங்கை உருக்கியது. உருகிய நீர் மண்ணையும் கல்லையும் மரங்களையும் அள்ளிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கியது. ஆர்மெரோவை அடைய இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. இரண்டரை மணித்தியாலம்! பக்கத்து மேட்டுக்கு நடந்துபோக அதில் ஒரு சிறு பகுதி போதும். அந்த இரவில் 23,000 பேர் வரை இறந்தார்கள்.

வரைபடம் இருந்தது. அதை வாசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வரைபடத்தில் உள்ள ஒரு நிறம், தன் வீட்டு வாசலில் சேறாக எப்படி வந்து நிற்கும் என்பது ஊர் மக்களுக்கும் தெரியவில்லை, முடிவெடுக்க வேண்டியவர்களுக்கும் தெரியவில்லை.

இதைக் கண்டு வருந்தியவர்களில் ஒருவர் கத்தியா கிராஃப்ட். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 1942 இல் பிறந்தவர். ஸ்திராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். கணவர் மொறிஸும் எரிமலை ஆய்வாளர். உலகில் எந்த எரிமலை குமுறினாலும் இருவரும் கமராவோடு அங்கே போய்விடுவார்கள். கத்தியா படம் எடுப்பார், வாயுவை அளப்பார், மாதிரி சேர்ப்பார். மொறிஸ் திரைப்படம் பிடிப்பார். அக்காலத்தில் ஒரு பெண் எரிமலையின் வாயிலில் நின்று வேலை செய்வது புதினமாகத்தான் பார்க்கப்பட்டது. அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆர்மெரோவுக்குப் பிறகு இருவரும் தங்கள் படச்சுருள்களை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தீமுகில் எப்படி வரும், லஹார் எப்படி வரும், சாம்பல் கூரையை எப்படி வீழ்த்தும் என்பதை எழுத்து வாசிக்காதவருக்கும் புரியும்படி காட்டும் ஒரு வீடியோப் படம்.

1991 ஏப்ரிலில் பிலிப்பைன்ஸின் பினதுபோ மலையில் நீராவி பீறிட்டது. ஐந்நூறு ஆண்டுகளாக உறங்கியிருந்த மலை. அது எரிமலை என்பதே சுற்றியிருந்தவர்களில் பலருக்குத் தெரியாது. மலைச்சரிவில் வாழ்ந்த ஆயிட்டா பழங்குடியினரோடு பணிசெய்த ஒரு கன்னியாஸ்திரி எரிமலை ஆய்வு நிலையத்துக்குச் செய்தி கொண்டு போனார். பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நிலநடுக்கமானிகளை வைத்தார்கள். கந்தகவீரொட்சைட்டின் அளவு மே மாதத்தில் இரண்டே கிழமையில் நாளொன்றுக்கு 500 தொன்னிலிருந்து 5,000 தொன்னாக உயர்ந்து, பிறகு சடுதியாகக் குறைந்தது. குறைந்தால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் சிறுசிறு நடுக்கங்கள் குறையாமல், வாயு மட்டும் குறைந்தால் வழி அடைபட்டுவிட்டது என்றும் பொருள்படலாம். சோடாப் போத்தலின் மூடி.

ஆய்வாளர்களுக்கு அளவுகள் கிடைத்துவிட்டன. அதிகாரிகளையும் ஊர்த் தலைவர்களையும் நம்பவைப்பதுதான் பாடு. அப்போது அவர்கள் கைக்கு வந்தது கிராஃப்ட் தம்பதியினரின் அந்த வீடியோ. இன்னும் முழுமையாக முடிக்கப்படாத பிரதி. அதைக் கிராமங்களிலும் அலுவலகங்களிலும் போட்டுக் காட்டினார்கள். சேறு ஊரை மூடுவதைக் கண்ணால் கண்டபின் பலரின் பேச்சு மாறியது.

யூன் 9 இல் எச்சரிக்கை ஐந்தாம் படிக்கு, அதாவது உச்சப் படிக்கு உயர்த்தப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். யூன் 15 இல் மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் அது இரண்டாவது. சாம்பல் 35 கிலோமீற்றர் உயரம் வரை எழுந்தது. அன்று பார்த்து ஒரு சூறாவளியும் வந்து சேர, நனைந்த சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். பின்னர் முகாம்களில் நோயாலும் பலர் இறந்தார்கள், அவர்களில் ஆயிட்டா குழந்தைகள் மிகுதி. எல்லாமாகச் சேர்த்து எண்ணூறுக்கும் மேல். அதை மறைக்கக்கூடாது. ஆயினும் மக்கள் வெளியேறியதால் ஐயாயிரம் உயிர்களாவது காப்பாற்றப்பட்டன என்று பின்னர் மதிப்பிட்டார்கள்.

கத்தியாவும் மொறிஸும் அதைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், யூன் 3 அன்று, யப்பானின் உன்சென் எரிமலையில் தீமுகிலில் அகப்பட்டு இருவரும் இறந்தார்கள். அவர்களோடு சேர்த்து அன்று 43 பேர்.

பினதுபோ வான்வெளிக்கு அனுப்பிய கந்தகவீரொட்சைட்டு ஏறக்குறைய இரண்டு கோடித் தொன். அது நுண்துளியாகி உலகைச் சுற்றிப் பரவி, சூரிய ஒளியில் ஒரு பங்கைத் தடுத்து, அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலையை அரைப் பாகையளவு குறைத்தது. பினதுபோ இருக்குமிடம் எங்கேயென்று அறியாத நாங்களும் அந்தக் குளிரில் எங்கள் பங்கைப் பெற்றிருப்போம்.

நன்மைகளையும் சொல்லவேண்டும் என்று உரையை முன்கூட்டி வாசித்த ஒரு தோழி கேட்டுக்கொண்டார். உண்டு. யாவாவின் வளமான வயல்கள் எரிமலை மண். அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்ட பாறை, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்கணத்தில் வழிந்து உறைந்த லாவா. இதற்குமேல் அவர் கேட்டால் தேநீர் இடைவேளையில் சொல்கிறோம்.

மறுபடி எமது கரைக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26. அது எரிமலையால் வந்ததல்ல, நிலநடுக்கத்தால் வந்தது. ஆனால் சுந்தா எரிமலைகளைப் பெற்ற அதே அமிழும் தகட்டில்தான் அந்த நிலநடுக்கமும் உண்டானது. கிழக்குக் கரையில் கடல் வற்றவில்லை, அலையே முதலில் வந்தது. தெற்கிலும் மேற்கிலும் சில இடங்களில் ஓர் அலை வந்துபோன பின் கடல் வெகுதூரம் வற்றியது. ஆட்கள் பார்க்கப் போனார்கள். மீன் பொறுக்கவும் போனார்கள். அடுத்த அலை அதைவிடப் பெரிது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் சிலருக்கு அந்த எண் எண்ணாக மட்டும் இருக்காது.

1883 இல் காலியில் கடல் வற்றியது, இறால் அள்ளியது எல்லாம் பத்திரிகையில் வந்தது. இலண்டன் றோயல் சொசைற்றி 1888 இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில் இலங்கைச் செய்திகளும் இடம்பெற்றன. நூலகங்களில் இருந்தது. 121 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. எங்கள் காலத்துப் புவியியல் பாடத்தில் கிரக்கத்தோவா உண்டு, காலி இல்லை.

கிரக்கத்தோவா இருந்த இடத்தில் 1927 இல் புதிய எரிமலை ஒன்று கடலுக்கு மேல் தலைகாட்டியது. அனாக் கிரக்கத்தோவா, கிரக்கத்தோவாவின் பிள்ளை என்று பெயர். 2018 டிசெம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. நிலநடுக்க எச்சரிக்கைக் கருவிகள் பெரிதாக எதையும் காட்டவில்லை. ஏனென்றால் அலையை எழுப்பியது நிலநடுக்கமல்ல. நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளே, மண்டபத்தின் பின்புறத்து மேசையில் ஒரு வாளி தண்ணீரும் சில கற்களும் வைத்திருக்கிறோம். ஒன்று எங்கள் ஊர்க் கருங்கல், ஒன்று கன்னங்கரிய எரிமலைப் பாறை, மூன்றாவது நுரைக்கல். நுரைத்த குழம்பு நுரையோடே உறைந்தது அது. வீட்டில் குதிக்கால் தேய்க்க அம்மா வைத்திருப்பாரே, அதே கல். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாரம் பாருங்கள், பிறகு வாளியில் போடுங்கள். இரண்டு தாழும், ஒன்று மிதக்கும். 1883 இல் அப்படி மிதந்த கற்கள் திட்டுத்திட்டாக இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கக் கரை வரை போயின. பத்துப் பத்துப் பேராக வாருங்கள். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.